ஐரோலி மட்டிக்குள் ஒரு நண்டு

வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கிலோ மட்டிச் சிப்பி வாங்கிவந்து, அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்காத ஆள் பம்பாய் செம்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாடகை அறையின் சமையல் மேடையில் செய்தித்தாளை விரித்து, சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பேன். சதையைக் கிண்ணத்தில் சேர்த்துப் பக்கத்து வீட்டுக் காக்கூவிடம் கொடுத்துவிடுவேன். காக்கூ மராத்திக்காரர். தேங்காய் அரைத்து அவர் அதை வைத்தால் மாடிப்படி வரைக்கும் மணக்கும். முதல் மாதம் அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம், எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு இப்படிக் கவிச்சியை ஒதுக்குகிறாய் என்று இந்தியில் விசாரித்தார். படிப்புக்காக என்று சொன்னேன். அவர் என் தலையைத் தொட்டு, கட்டாயம் பாஸாகிவிடுவாய் என்றார். அன்றிலிருந்து அந்த மாடியில் எனக்குப் பெரிய பக்தை என்று பெயர். நானும் திருத்தவில்லை, என்னுடைய இந்திக்கு அது சக்திக்கு மீறிய வேலை.

உண்மையில் நான் தேடியது மட்டிக்குள் குடியிருக்கும் பட்டாணி நண்டை. முதுகெலும்பில்லாத கடலுயிர்களை இனம் பிரித்து, பெயர் வைத்து, எதற்கு எது உறவு என்று சொல்வது என் ஆராய்ச்சிப் படிப்பு. இது நான்காவது வருடம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் ஆய்வகம் என்றதும் பெரிய இயந்திரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு பென்சில், கழுத்துவலி, அவ்வளவுதான். நண்டின் வாயோரம் இருக்கும் குட்டிக் காலில் எத்தனை மயிர் என்று எண்ணி வரைய எனக்கு ஒரு வாரம் ஆகும். பட்டாணி நண்டில் பெண், மட்டிக்குள் ஒருமுறை புகுந்தால் அதோடு சரி, உடம்பு வெந்த பயறு மாதிரி குழைந்துபோகும், வெளியே வராது. ஆண்தான் கடுகு போலச் சின்னதாக, கெட்டியான ஓட்டோடு அலையும். என்னிடம் இருந்தவை எல்லாம் பெண்கள். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஆனால் என் வழிகாட்டி மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்பளை கிடைக்காமல் வெறும் பொம்மனாட்டிகளை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டாதே என்றார். மேடம் இதே பம்பாயில், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அம்மா இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்தவள், அவள் கையில் எப்போதும் ஐஸின் வெடிப்பு இருக்கும். எம்.எஸ்ஸி. முடித்ததும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போவேன் என்று எதிர்பார்த்தாள். பம்பாய் என்றதும், “நண்டு எண்ணுததுக்கா அவ்வளவு தூரம் போற?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். தாராவியில் இருக்கும் சித்தி தெருவெல்லாம் நான் டாக்டருக்குப் படிக்க வந்திருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். போன முதல் ஞாயிற்றுக்கிழமையே முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சித்தியின் பிள்ளைகள் என்னோடு பாதி இந்தியில் பேசினார்கள். நான் பேசும் தமிழைக் கேட்டு அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது.

ஆண் நண்டு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. முதலில் மணல் என்று நினைத்துத் துடைக்கப் போனேன், அது நகர்ந்தது. அதை ஸ்பூனில் எடுத்து, குளிர்ந்த கடல்நீரில் கொஞ்ச நேரம் மயங்கவிட்டு, பிறகுதான் எத்தனாலில் போட்டேன். அவசரப்பட்டு நேரே போட்டால் கால்களை உதிர்த்துவிடும். எங்கள் துறையில் இதற்கு அடுத்த வேலை லேபிள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதி, சீசாவின் உள்ளேயே போடவேண்டும். எந்த இடத்தில் பிடித்தது, எந்தத் தேதி, பிடித்தவர் யார். இதில் இடம்தான் உயிர். இடம் தெரியாத நண்டை எந்த அருங்காட்சியகமும் மதிக்காது. புதிய இனம் என்றால் அந்த இடமே உலகம் முழுக்க அதற்குப் பூர்வீகமாகப் பதிவாகும்.

செம்பூர்ச் சந்தையில் எனக்கு மட்டி கொடுக்கும் கோளி மீனவ அம்மாவிடம் மறுநாளே போய், இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “அப்னாயிச் மால் ஹை, ஐரோலி காடி கா. ஏக்தம் தாஜா,” என்றார். மும்பையை ஒட்டிய ஐரோலிக் கடற்கழியில் எடுத்த எங்கள் சரக்கு, புத்தம் புதுசு. நான் பூமியின் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கேட்டேன். அவரோ, கெட்டுப்போனதா என்று சந்தேகப்படும் வாடிக்கையாளருக்குச் சொல்லும் பதிலைச் சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. லேபிளில் ஐரோலி என்று எழுதினேன். மேடம் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முப்பது வருஷமாகச் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் ஓடும் இந்தக் கழிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறேன், என் ஊரில் கடைசியில் புதுசாக ஒன்று இருக்கிறது பார் என்றார். நண்டுக்கு மும்பையின் பெயரையே வைப்பது என்று முடிவானது. கட்டுரை எழுதி, படங்கள் வரைந்து, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அனுப்புவதற்கு முந்தைய வாரம் வழக்கம்போலச் சந்தைக்குப் போனேன். கோளி அம்மா தெர்மாகோல் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூடியில் நீல மார்க்கரில், “மட்டி. மேல ஐஸ் போடவும்” என்று தமிழில் எழுதியிருந்தது. நான் அதைப் பார்ப்பது முதல் முறை இல்லை. மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வரும். தாராவி ஆள் யாரோ மூட்டை தூக்கும்போது எழுதியது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். இங்கே மாவு மில்லில், அம்மன் கோயிலில், கறிக்கடையில் என்று தமிழெழுத்து எங்கும் இருக்கிறது. தமிழைப் பார்த்தால் தாராவி என்று நினைக்கும் அளவுக்கு நான் பம்பாய்க்காரியாகியிருந்தேன். வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அன்றைக்கு என்னவோ தோன்றி, இதை எழுதியது யார் என்று கேட்டேன். கோளி அம்மா சிரித்தார். “யே தோ தும்ஹாரேயிச் காவ் கா ஹை. தும்கோ மாலூம் நஹீ?”

உன் ஊர்ச் சரக்குதானே, உனக்கே தெரியாதா? ஐரோலியில் மட்டி கிடைப்பது எப்போதாவதுதானாம், மற்றபடி எல்லாம் ரயிலில் வருகிறதாம். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த எண்ணுக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். எடுத்தவர் என் அம்மா பேசுவது போலவே பேசினார். தூத்துக்குடிக்குத் தெற்கே, புன்னைக்காயல் ஆற்று வாயில் எடுக்கிற மட்டி என்றார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். நான் இரண்டு வருடம் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் ஒரு நாள்கூட அங்கே போய் ஒரு மட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

அடுத்த நான்கு நாள் நான் நானாக இல்லை. ஹார்பர் லைன் ரயிலில் இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போனேன். லேபிளை அழிக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்கு வருடம், மேடத்தின் முப்பது வருடம், எல்லாம் ஒரு பென்சில் கோட்டில் நின்றது. புது இனத்தைக் கண்டவள் என்ற அந்தப் பெயர் எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தது, இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. ஐந்தாம் நாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தது அவருக்கு, அதைவிட அதிகமாக ஏமாற்றம்.

“சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்போ எனக்கும் தெரிஞ்சுடுத்து,” என்றார். பிறகு, “ஐரோலியிலேயும் இருக்கான்னு பாத்துடு. இல்லேன்னா ஒன் ஊருக்குப் போய் ஒன் கையாலே எடுத்துண்டு வா,” என்றார்.

ஒரு மாதம் ஐரோலியில் கடல்நீர் இறங்கும் வற்றம் பார்த்துச் சேற்றில் இறங்கினேன். முழங்கால் வரை கறுப்புச் சகதி, பின்னால் கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் ஆபீஸ்கள். திறக்கும் ஒவ்வொரு மட்டியிலும், இருக்கவேண்டும் என்று மேடத்துக்காக வேண்டினேன். இருக்கக்கூடாது என்றும் ஒரு மனசு கேட்டது, அது யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. மட்டி கிடைத்தது, நண்டு கிடைக்கவில்லை. மும்பை என்ற பெயரை மேடமே கட்டுரையில் அடித்தார்.

புன்னைக்காயலுக்குப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். ஷெட் வேலையை விட்டு வெகுநாளானாலும் கத்தி அவளுக்கு மறக்கவில்லை. கரையில் உட்கார்ந்து, நான் ஒன்று திறப்பதற்குள் ஐந்தைத் திறந்தாள். இரண்டாம் நாள் காலையில் ஆண் நண்டை முதலில் கண்டதும் அவள்தான். “இந்தா, ஒன் கடுகு,” என்று நகக்கண்ணில் வைத்து நீட்டினாள். நான் கரையிலேயே லேபிள் எழுதினேன். இடம் புன்னைக்காயல். பிடித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். அவளுக்குப் படித்துக் காட்டினேன். நண்டு எங்கே இருக்கும் என்று கேட்டாள். பம்பாயில்தான், அங்கே அருங்காட்சியகத்தில் என்றேன். சரி என்றாள்.

மட்டி அள்ளிக்கொண்டிருந்தவர் கூடையைக் கரையில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். இரண்டு நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என் தோள்பையையும் சீசாக்களையும் பார்த்து, “நீங்க எப்பம் ஊருக்குப் போறிய?” என்று கேட்டார்.

நான் மூடியை இறுக்கிக்கொண்டே, “நாளைக்கு,” என்றேன்.

பம்பாயை ஊர் என்று ஒத்துக்கொண்டது சொன்ன பிறகுதான் உறைத்தது, நிமிர்ந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து அடுத்த மட்டியை எடுத்துக் கத்தியை நுழைத்தாள்.