ஆறாவது ஃபோர்க்

மாடத்திக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் வாடகை அறை. ஒரகடத்தில் விமான உதிரிபாகக் கம்பெனியில் ஏழு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. முன்னால் இரண்டு சக்கரமும் வாலுக்கடியில் ஒரு சின்னச் சக்கரமுமாக நிற்கும் குட்டி விமானங்கள் உண்டு. அந்த வால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பவள் அவள். சாயத்தில் முக்கிக் கழுவிய ஃபோர்க்கை இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் விரிசல் பச்சைக் கோடாக மின்னும். ஆனால் உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்தவள், லாரிக்கு அவசரம் என்றதால் உடனே ஆறு ஃபோர்க்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வழியில் வடக்குப்பட்டில் ஆட்களை இறக்கியபோதுதான் அது உறைத்தது. தரையிறங்கும்போது ஃபோர்க் முறிந்து விமானம் சுழன்று கவிழ்வதைப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அவளும் அங்கேயே இறங்கினாள். சூப்பர்வைசர் தசரதனை அழைத்தாள்.

"சார், மத்தியானம் பாத்த ஆறு பீசையும் லாரியில ஏத்திராதீங்க. நான் சரியாப் பாக்கல."

"இன்னாம்மா சொல்ற? கையெழுத்துப் போட்டுக்கிறியே!"

"போட்டேன் சார். கண்ணு பழகுறதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்."

ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். தசரதன் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். மறுபடி முக்கிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில், அச்சுத் துளையோரம், தலைமுடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு.

தசரதன் அந்த ஃபோர்க்கைத் தனியே எடுத்துவைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "இதுக்கு முன்னால போனதெல்லாம்?"

"அன்னைக்கெல்லாம் நின்னேன் சார்," என்றாள். சொல்லும்போதே சந்தேகம் வந்தது.

அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். கடந்த மூன்று மாதத்தில் அவள் பார்த்து அனுப்பிய நாற்பத்தொரு ஃபோர்க்குகளையும் கழற்றிச் சோதிக்கச் சொல்லி வாங்கியவர்களுக்குக் கடிதம் போனது. ஒன்பது நாள் பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டாலே கை நின்றுவிடும்.

"வேல போயிருமோன்னு பயப்படுதியா?" என்று அறைத்தோழி கவியா கேட்டாள்.

"வேலய நெனச்சு இல்லடி. எங்கயோ பறந்துக்கிட்டு இருக்கும்லா, அது."

பத்தாம் நாள் பதில் வந்தது. நாற்பத்தொன்றிலும் குறையில்லை. தசரதன் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள் மாடத்தி.