கற்படகு பார்க்கத் துணை போனவன்

சுவிட்சர்லாந்தின் துன் ஏரியின் அடியில், முப்பது மீட்டர் ஆழத்தில், ஒரு பழைய படகு கிடக்கிறது. இங்கே ரயில் ஓடத் தொடங்குமுன் கல் ஏற்றிப் போகையில் மூழ்கியதாம். கடலாக இருந்தால் புழு அரித்து முடித்திருக்கும். இந்தக் குளிர்ந்த நன்னீரில் அந்தப் புழு இல்லை. பலகையில் அடித்த ஆணிகூட அப்படியே இருக்கிறது. ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். உண்மையில் நான் அந்தப் படகுக்காகப் போகவில்லை.

பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்கவைக்க மனைவி லண்டனுக்குப் போய் மூன்று வருடம். ஒரு வருடத்தில் நானும் போவதாகத்தான் பேச்சு. ஹோட்டல் சமையலறை வேலையை விட மனம் வரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஞாயிற்றுக்கிழமை கறி வைத்தால் புதன்வரை அதே கறிதான்.

எங்கள் ஹோட்டலில் குழாய் வேலை பார்க்கும் சுவிஸ்காரருக்கு ஏரிக்கடியில் சுழியோடத் துணை தேவைப்பட்டது. தனியே இறங்கக்கூடாது என்பது அதில் முதல் சட்டம். பழகிக்கொண்டு அவரோடு போகத் தொடங்கினேன். பேர்ண் நகரக் கோயிலில் தெரிந்த அண்ணை ஒருவர் கேள்விப்பட்டுச் சிரித்தார்.

"உனக்கென்ன விசரோ? உடைஞ்ச வள்ளம் பாக்க ஐஸ் தண்ணிக்க இறங்குறியோ?"

விசர்தான். கரையில் அந்தச் சுவிஸ்காரர் வணக்கத்துக்கு மேல் வாய் திறக்கமாட்டார். தண்ணீருக்குள்ளோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டுவார். சுகமா என்று அர்த்தம். நானும் வளையம் காட்டும்வரை நகரமாட்டார். ஒரு மனிதர் என் பதிலுக்காகக் காத்து நிற்பது எனக்கு வேண்டியிருந்தது.

போன மாரிக்குளிருக்கு முன், படகின் முன்புறத்தில் அவர் அப்படிக் கேட்டபோது என் விரல்கள் வளையவில்லை. விரித்த கை இப்படியும் அப்படியும் ஆடியது. ஏதோ சரியில்லை என்பதற்கான சைகை அது. அவர் என் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு காற்றளவைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் கையை விடாமல் மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார்.

என்ன பிழை என்று கரையில் கேட்டார். சாமான்களில் பிழை இல்லை, தனிமைதான் என்றேன். ஒரு வளர்ந்த ஆம்பிளை சொல்லும் கதையா இது? வெட்கமாக இருந்தது. அவர் தேநீர் ஊற்றித் தந்து, மனைவிக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம் லண்டனிலிருந்து அவள் போன் எடுத்தாள். சுகமா என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பதுதான் வழக்கம்.

"இல்லை. என்னால தனிய இருக்கேலாமல் கிடக்கு," என்றேன்.

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்வாள், வாங்கோ என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"மூண்டு வருசமா நான்தான் சுகமோ எண்டு கேக்கிறன். நீங்கள் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை."

உண்மைதான். அந்த நேரத்திலாவது கேட்டிருக்கலாம். பிள்ளைகளின் படிப்பைத்தான் விசாரித்தேன்.