வேலை வேண்டாத பிள்ளை

சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது என் ஆசை ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. போடியிலேயே ஏதாவது ஏலக்காய்க் கம்பெனியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவளைத் தனியே விட்டுவிட்டு மறுபடியும் சென்னை ஹாஸ்டல்.

ஆன்லைன் வகுப்பில் ஓர் ஆசாமி வழி சொன்னார். யாரிடமும் வேலை கேட்கக் கூடாதாம். போய் அவர்கள் தொழிலைப் பற்றி மட்டும் விசாரிக்க வேண்டுமாம். பழக்கம் பெருகினால் வேலை தானாகத் தேடி வருமாம். நானும் நம்பித் தொலைத்தேன்.

முதலில் போனது போடியில் ஓர் ஏலக்காய் மண்டிக்கு. முதலாளி ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலைக்கா ஆத்தா?"

"இல்லவே இல்லண்ணே. ஒங்க தொழிலப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

வருமான வரி ஆபீசோ என்று அவர் முகம் கறுத்தது. சிலமலையில் இன்னார் மகள் என்றதும் தெளிந்தது. டீ வந்தது, கூடவே அவருடைய வாழ்க்கை வரலாறும் வந்தது. நான் கிளம்பும்போது, குரங்கணியில் எஸ்டேட் வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். "ஒரு பிள்ளைய அனுப்புறேன். பயப்படாத, வேலை கேக்காது."

அந்த மச்சான் தன் சகலைக்குச் சொன்னார், சகலை தன் சம்பந்திக்குச் சொன்னார். போடிமெட்டு வரை ஜீப்பில் போய்வந்தேன். போன இடமெல்லாம் ராஜமரியாதை. மகனுக்கு, மருமகனுக்கு என்று வேலை கேட்டு வருகிறவர்களால் அவர்கள் நொந்து போயிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒருநாள், அந்த மண்டியிலேயே ஏற்றுமதிக் கணக்குக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வயிற்றெரிச்சலோடு ஓடினேன்.

"ஒன்னையத்தான் மொதல்ல நெனச்சேன்" என்றார் முதலாளி. "நீதான் வேலையே வேணாங்கிற பிள்ளையாச்சே! மலை முச்சூடும் ஒன்னப் பத்திப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன் ஆத்தா."

ஆன்லைன் ஆசாமி எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

"எனக்கு வேலை வேணும்ணே! எங்கம்மாவ விட்டுட்டு என்னால போக முடியாது" என்று கத்தியே விட்டேன். காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாளி பதறிப்போய்ப் போனை எடுத்தார். "மாப்ளே, அந்தப் பிள்ளைக்கு வேலை வேணுமாம்யா! வெரசா எல்லாத்துக்கும் சொல்லிவிடு."

நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் என் போன் அடித்தது. குரங்கணிக்காரர்.

"காய் ஒணத்துற ஸ்டோருல கணக்குப் பாக்க ஆளில்ல. நாளைக்கே வர்றியா? சாயங்காலம் ஜீப்புல எறங்கி வீட்டுக்குப் போயிரலாம்."

"வர்றேன்ணே" என்றேன்.

"யாருடி போன்ல?" என்று கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.