வளையல் முழங்கை ஏறினால்

நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே தங்கம்மாள் குரலைக் கனமாக்கிக்கொள்கிறார். "ஏம்மா வள்ளி, தினைக் காட்டுல ஒத்தையா பரண் மேல நிக்கிறியே, பயமா இல்லையா?"

செம்மொழி நிமிர்கிறார். சேற்றுக் கையாலேயே வளையல்களை முழங்கைவரை ஏற்றிக்கொள்கிறார். "பயம் இருக்கு சாமி. ஆனா எங்கிட்ட இல்ல, இந்தக் கவணப் பாக்குறவங்ககிட்ட இருக்கு." நடவு வரிசையே சிரிக்கிறது. தங்கம்மாள் அடுத்த கேள்விக்கு யோசிக்கத் தொடங்குகிறார்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவுக்குப் போகும் நாற்பத்துநாலு வயது செம்மொழிதான் கோயில் திருவிழா நாடகங்களில் இருபத்திரண்டு வருடமாக வள்ளி. முருகனைக் கைப்பிடிக்கும் முன் நாரதரோடு பாடியும் பேசியும் வாதாட வேண்டும். அதற்கு ஒத்திகை என்று ஒன்று கிடையாது. நாரதராக வருபவர் யார், அவர் எதைக் கேட்பார் என்பதெல்லாம் மேடையில்தான் தெரியும். அதனால்தான் வயலில் இந்தப் பயிற்சி. தங்கம்மாள் அளவுக்குக் கோணலாகக் கேட்கிற நாரதரை அவர் இன்னும் சந்திக்கவில்லையாம்.

மேடை ஏறும் நாளில் வெந்நீர் மட்டும்தான் குடிப்பார். தன் முகம் பார்க்கும் கண்ணாடியை யாருக்கும் இரவல் தரமாட்டார். குமரிப் பெண் வேடமாயிற்றே என்று யாராவது சீண்டினால், "வயசு ரேஷன் கார்டுல இருக்கட்டுங்க, மேடையில எதுக்கு?" என்பார். நாரதர் மடக்கும்போது வளையல் மேலே ஏறும். பதில் வரப்போகிறது என்று அர்த்தம். ரசிகர்களுக்கு இது மனப்பாடம். முன்வரிசையில் அப்போதே விசில் கிளம்பிவிடும்.

போன பங்குனியில் மகள் எழில்மொழியைப் பெண் பார்க்கப் பாபநாசத்திலிருந்து வந்தார்கள். எழில்மொழி தஞ்சாவூரில் நர்ஸ். மாப்பிள்ளை அதே மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் செல்லதுரை தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் திருப்திங்க. இந்த நாடகத்த மட்டும் இதோட விட்டுருங்க. சம்பந்தியம்மா மேடையில ஆடுறாங்கன்னா எங்க சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க."

எத்தனையோ நாரதர்களின் வாயை அடைத்தவர்தான் செம்மொழி. ஆனால் இங்கே ஒரு சொல் பிசகினால் மகளின் கல்யாணம் நின்றுபோகும். விட்டுவிடுகிறேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. வளையல்கள் மணிக்கட்டிலேயே கிடந்தன. "யோசிச்சு..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

எழில்மொழி எழுந்து உள்ளே போனாள். அம்மாவின் மேக்கப் பெட்டியைத் தூக்கிவந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னிக்கு திருப்பனந்தாள்ல நாடகம் இருக்குல்ல. நாலு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. மாமாவுக்குப் பதில் சொல்லிட்டுக் கெளம்பும்மா."

செல்லதுரை பெட்டியைப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

செம்மொழி முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு இரண்டு கை வளையல்களையும் நிதானமாக முழங்கைவரை ஏற்றினார்.