மதலேனம்மாளின் சோறில்லாத தவக்காலம்

ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. தூருக்கடியில் சரம்சரமாய் மண்ணோடு படுத்துக் கிடக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் குத்தவைத்து உட்கார வேண்டும், உட்கார்ந்தபடியே நகர வேண்டும், எழுந்து அடுத்த தூருக்குப் போய் மறுபடி உட்கார வேண்டும். சக்குபள்ளத்துத் தோட்டத்தில் இந்த வேலையில் மதலேனம்மாளை அடிக்க ஆள் கிடையாது. கல்யாணமாகிக் கம்பத்திலிருந்து மலையேறி வந்த வருஷம் தொட்டு அப்படித்தான். அவர் போன தூரில் ஒரு பழுத்த காய் மிஞ்சியதில்லை, ஒரு பிஞ்சு உதிர்ந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் சுகர் வந்தது. மாத்திரை வந்தது. உடம்பும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது.

சூபர்வைசர் ஷைஜு கெட்டவன் இல்லை. ஆனாலும் ஒருநாள் சொல்லிவிட்டான்.

"மதலேனக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முட்டி இப்படியே இருந்தா அடுத்த சீசனுக்கு ஒங்க பேரை எழுத முடியாது. மேல கேக்குறாங்க."

தோட்டத்துப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுவது மதலேனம்மாளின் புருஷன் சுவக்கீன்தான். விஷயம் கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்ததும் அவர் ஆறுதலாக, போதும் வேலைக்குப் போனது, வீட்டில் இரு என்றார். ஷைஜு சொன்னதைவிட அதுதான் மதலேனம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் இருப்பதா? அந்த மலையை விட்டுவிட்டா?

எடை குறைந்தால் முட்டி தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். எப்படிக் குறைப்பது என்றுதான் தெரியவில்லை. கட்டப்பனையில் மொபைல் கடையில் வேலை பார்க்கும் மகள் ஆன்மேரி ஒரு வீடியோவைக் காட்டினாள். சோறு, கப்பைக்கிழங்கு, பயறு, சீனி நான்கையும் விட்டுவிடு. கறி, மீன், முட்டை, காய்கறி வயிறு நிறையச் சாப்பிடு. அவ்வளவுதான். மதலேனம்மாள் மறுநாளே சோற்றுப்பானையைத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்.

"சோறு திங்காம இருக்குறதுக்கா கீழருந்து இம்புட்டு தூரம் மலையேறி வந்தோம்?" என்றார் சுவக்கீன்.

ஆனால் வேலை செய்தது! கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டையை அடுத்த மாசமே பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்திருக்க முடிந்தது. அதன்பிறகு ஜீப்பில் அவர் வாய் ஓயவில்லை. யார் தூக்குவாளியைத் திறந்தாலும் எட்டிப் பார்த்து, "இம்புட்டுச் சோறா?" என்பார். பெண்கள் அவருக்கு டயட் சிஸ்டர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கேலிதான். ஆனால் கேலி செய்தவர்களே ஒவ்வொருவராய்ச் சோற்றைக் குறைத்தார்கள். அவரைப் போலவே சுகர்காரியான பக்கத்து லயத்து வீட்டுக் கத்தரீனாள், தேயிலைத் தண்ணியில் சீனியையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது.

தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனம் என்பது மதலேனம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் வாயில் படாது. மற்ற வருஷங்களில் சோறும் பயறும் கப்பையும் இருந்தன. இந்த வருஷம் அந்தப் பக்கமும் கதவு சாத்தியிருந்தது. சோற்றைத் தொட்டால் குறைந்த எடை திரும்பிவிடும், கறியைத் தொட்டால் நேர்ச்சை முறிந்துவிடும். இரண்டையும் தொடாமல் அதையே ஒருசந்தி நோன்பாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். கொஞ்சம் மோர், கொஞ்சம் முட்டைக்கோஸ், அத்தோடு சரி. ஆனால் காலை மாத்திரையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை.

ஒரு முற்பகலில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. காய்ந்த தட்டைகளை அறுத்துத் தள்ளும் வேலை. மதலேனம்மாளுக்குக் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கி அரிவாள் நழுவியது. ஷைஜு ஓடி வந்தான். அவனைப் பார்த்து, காய்த் திருடன் வந்துட்டான், பிடிங்கடி என்று வைதுகொண்டே தூரில் சாய்ந்துவிட்டார்.

இது சுகர் இறங்குவது என்று கண்டுபிடித்தது கத்தரீனாள்தான். இனிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் பிளாஸ்க்கிலும் சீனி இல்லை; டயட் சிஸ்டரின் போதனை அப்படி. கடைசியில் ஷைஜுவின் பிளாஸ்க்கில் இருந்த நல்ல சீனிச் சாயாதான் அவரை மீட்டது. மெல்ல மெல்ல வாயில் ஊற்றினார்கள். கண் தெளிந்ததும் சுவக்கீனின் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் கிருஷ்ணப்ரியாவுக்குப் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரம்தான் சொந்த ஊர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சோறு இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. மாத்திரை மட்டும் உண்டு. பின்னே எதை நம்பி மலையேறினேள்?"

"மாதாவை நம்பித்தான், டாக்டரம்மா."

"மாதா மாத்திரையைக் குறைக்க மாட்டா. அது என் வேலையாக்கும்."

சுவக்கீன் இதுதான் சமயம் என்று, அந்த டயட்டே பொய் என்று சொல்லுங்க டாக்டர் என்றார். மதலேனம்மாளின் முகம் வாடிப்போனது. ஷைஜு சொன்ன அடுத்த சீசன் கண் முன்னால் நின்றது.

டாக்டர் பொய் என்று சொல்லவில்லை. சோறு குறைந்தால் எடை குறையும், சுகரும் குறையும், அதனால்தான் மாத்திரையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்றார். மாத்திரை போடுகிறவர்களும் கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த டயட்டில் இறங்கக் கூடாது என்றார். பத்து வருஷம் இருபது வருஷம் இப்படியே சாப்பிட்டால் என்னாகும் என்று தனக்கும் உறுதியாகத் தெரியாது என்று மறைக்காமல் சொன்னார்.

"எடை முதல்ல வேகமா எறங்கும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, சோத்தை விட்டவாளும் வேற விதமாக் குறைச்சவாளும் ஏறக்குறைய ஒரே எடத்துலதான் நிப்பா. எதை விடாமப் பிடிச்சுக்க முடியுமோ அதுதான் உங்க டயட், கேட்டேளா?"

"ஈஸ்டர் வரைக்கும் நான் என்னத்தைத் திங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்காத்துல வருஷம் முழுக்கத் தவக்காலம்தான். ஆனா எங்களவாளுக்கும் சுகர் கொறைவில்லை, அதையும் சொல்லிடறேன். மொளகூட்டல்னு ஒரு பருப்புக் கூட்டு சொல்லித் தரேன். சாதத்தைக் கொஞ்சமாப் போட்டு, மொளகூட்டலை நெறைய விட்டுக்கோங்கோ."

ரத்தம் எடுத்துக் கிட்னி நன்றாக இருக்கிறதென்று பார்த்தபிறகு, மாத்திரையை மாற்றி எழுதினார். நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குச் சாமியாரும் சுவக்கீனிடம் சொல்லி அனுப்பினார்.

வேறு யாராவது என்றால் அத்தோடு வாயை மூடிக்கொண்டு பழைய பானைக்கே திரும்பியிருப்பார்கள். மதலேனம்மாள் மறுநாள் ஜீப்பில் ஏறியதும் முதல் வேலையாகக் கத்தரீனாளின் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, நாளைக்கு வேலைக்குப் போகாத. மாத்திரையை எடுத்துக்கிட்டு எங்கூட டாக்டரம்மாட்ட வா."

டயட் சிஸ்டர் சபையைக் கலைச்சாச்சா என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள். ஜீப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மாத்திரை போடுகிற ஒவ்வொருத்தியையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

லயத்தில் மொளகூட்டல் கொதித்தது. பாசிப்பருப்பும் கீரையும் தேங்காயும். சுவக்கீன் முதல் நாள் மூக்கைச் சுளித்தார். அடுத்த வாரம் அவரே முட்டைக்கோஸ் அரிந்து கொடுத்தார். ஒரு கரண்டிச் சோறு, ஒரு தட்டுக் காய், பயறு, ஈஸ்டருக்கு அப்புறம் மீனும் முட்டையும். ஈஸ்டர் விருந்தில் மதலேனம்மாளுக்குக் கொஞ்சம் எடை ஏறத்தான் செய்தது. அதற்காக அவர் அழவுமில்லை, மறுநாள் பட்டினி கிடக்கவுமில்லை. பழைய ஒரு கரண்டிக்கே திரும்பினார். எடை குறைப்பது கல்யாணம் மாதிரி, ஊரே பார்க்கும். குறைத்ததைக் காப்பது குடித்தனம் மாதிரி. அதை யார் பார்க்கிறார்கள்? பருவமழை வரைக்கும் யாரும் பார்க்காமலே அவர் அந்தக் குடித்தனத்தை நடத்தினார்.

சீசன் தொடங்கிய அன்று தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஷைஜு பேர் எழுதும் நோட்டோடு நின்றான். மதலேனம்மாள் அவனைச் சரிவான பக்கத்துத் தூருக்குக் கூப்பிட்டார். உட்கார்ந்தார். சரத்தைத் தூக்கி, காயெடுத்து, மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, யார் கையும் இல்லாமல் எழுந்தார். வலி முழுசாய்ப் போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஷைஜு அங்கேயே நின்று அவர் பேரை எழுதினான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒதுக்குப்புறமாக வந்து அவர் பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நாளாய்த் தனக்கும் தொப்பை கூடிவிட்டதாகவும், ஒரேயடியாய்ச் சோற்றை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மதலேனம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. மொதல்ல இதைச் சொல்லுங்க. நீங்க என்ன மாத்திரை போடுறீங்க?"