கேட்டது ஒரு கம்பி

எஸ்.டி.டி. பூத் என்பது, ஒருவர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஊருக்கே கேட்கிற குரலில் ரகசியம் பேச, வெளியே பத்துப் பேர் ஒன்றுமே காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் இடம்.

அந்தத் தொழிலை ஏற்காட்டில், தொண்ணூறுகளில், நான் செய்தேன். உடல் ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் பூத் கொடுத்த காலம் அது. என்னைப் போலவே சூம்பிய காலையோ வராத கையையோ காட்டி பூத் வாங்கி, மஞ்சள் போர்டுக்குக் கீழே உட்கார்ந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் ஐயோ பாவம் என்பார்கள். அது என்னிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

படி

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் போயிற்று. இரும்புச் சட்டம் வைத்த கேலிப்பரைக் காலில் மாட்டிக்கொண்டு, கையில் ஓர் ஊன்றுகட்டையோடு நடப்பேன். ஏற்காட்டில் ரோடே சரிவு. கடை என்றால் ஒன்று ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லை ரோட்டுக்குக் கீழே இருக்கும். எனக்கு வாடகைக்குக் கிடைத்தது மேலே. ஏறிவரச் செங்குத்தான கல்படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கட்டடத்துக்காரர் பொன்னுசாமி அண்ணன் வீடும் என் பூத்துக்குப் பின்னால்தான். அவர்களுக்கும் அதே படிதான். அவர் மனைவி சரசக்காவுக்குப் பல வருஷமாக முட்டிவலி. முட்டியில் கையை ஊன்றி, முனகிக்கொண்டே ஏறுவார். அவரிடம் சர்டிபிகேட் இல்லாததால் அதை யாரும் ஊனத்தில் சேர்க்கவில்லை.

முதல் மழைக்காலத்திலேயே படியில் பாசி பிடித்தது. பனிமூட்டத்தில் வழுக்கி விழுந்தேன், இடுப்பு எலும்பில் கீறல். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை. படியோரமாகப் பிடித்து ஏற ஒரே ஒரு கம்பி, அவ்வளவுதான் நான் கேட்டது. செலவு என்னுடையது என்றும் சொன்னேன். கட்டடத்தின் முகலட்சணம் கெட்டுவிடும் என்றார் பொன்னுசாமி அண்ணன். கக்கூஸுக்கு அந்தப் படியை இறங்கித்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து மத்தியானத்துக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். அதை ஓர் ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டு, இறங்குவதற்குத்தான் நொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்:

"நீ ஏனம்மிணி எறங்கோணும்? காத்தால ஏறுனீன்னா பொழுதோட வரைக்கும் உள்ளயே உக்கோந்திருக்கற வேலதான உன்னுது?"

காது

மே மாதக் கூட்டத்தில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நம்பரைச் சொல்ல வாயைத் திறந்த குடும்பத் தலைவர், சுவரில் சாய்த்திருந்த என் கட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரம் நான் ரிசீவரைக் காதில் வைத்து யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர், பக்கத்தில் நின்ற அந்தோணியிடம், வெள்ளக்கடை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம், "இவங்களுக்குக் காது கேக்குமா?" என்று விசாரித்தார். டெலிபோன் பூத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி வந்த சந்தேகம் இது!

அந்தோணி தினமும் தன் முதலாளிக்குப் போன் போட வருகிறவர். குறும்புக்காரர். "கொஞ்சம் சத்தமாச் சொல்லோணுமுங்க" என்று கொளுத்திப் போட்டார். உடனே அந்த மனிதர் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு எண்ணாகக் கத்தினார். வெளியே நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு லைன் போட்டுக் கொடுத்தேன். பேசி முடித்து, பில்லைக் கொடுத்து "மீதிச் சில்லறை இந்தாங்க சார்" என்றபோதுதான் என் குரலைக் கேட்டார். மனைவி பக்கம் திரும்பி மகிழ்ந்துபோய்ச் சொன்னார்:

"பரவாயில்லையே, நம்மள மாதிரியே பேசறாங்க!"

விசுவாசம்

எங்கள் சர்ச்சில் கூட்டம் நடத்த மலைக்குக் கீழேயிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். ஊருக்குப் போன் பேச பூத்துக்கு வந்தவர், பேசி முடித்ததும் கிளம்பாமல் என் தலையில் கையை வைத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேறு வழியில்லாமல் கண்ணை மூடினார்கள். நீண்ட ஜெபம். முடிவில், கேலிப்பரைக் கழற்றி வீசிவிட்டு எழுந்து நட என்றார். அந்தக் கேலிப்பருக்கு அளவு கொடுத்துவிட்டு எத்தனை மாதம் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினேன். ஐயா, கால் இப்படியே இருக்கட்டும், இந்தக் கட்டடத்துக்காரரும் உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்தான், அவர் மனசில் ஒரு கம்பி போடத் தோன்றும்படி ஜெபம் பண்ணுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. இறங்கும்போது படியில் அவருக்கும் கால் தடுமாறியது, சுவரைப் பிடித்துத்தான் நின்றார். அங்கிருந்தே திரும்பிச் சொன்னார்:

"கம்பி கேக்கறீங்க பாருங்க சிஸ்டர், அதுதான் அவிசுவாசம்!"

வண்டி

கோடை விழாவில் ஊனமுற்றவர்களுக்கு உதவி வழங்குகிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேடைக்கும் படிதான். அங்கேயும் பிடிக்கக் கம்பி இல்லை. இரண்டு பேர் என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். போட்டோ எடுக்கிறவர் படம் சரியாக விழவில்லை என்று இறக்கி, மறுபடி தூக்கச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பதில் ஒரு கம்பி கிடைக்குமா என்று பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டேன். திட்டத்தில் கம்பி கிடையாது என்றார்.

திட்டத்தில் இருந்தது மூன்று சக்கர வண்டி. கையால் சுற்றி ஓட்டுகிறது. கீழே சேலத்தில் அது நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஏற்காட்டில் சமமாக இருப்பது ஏரித் தண்ணீர் ஒன்றுதான். வண்டியில் ஏறி உட்கார்ந்து கையை வைத்ததுதான் தெரியும், இறக்கத்தில் தானாகவே ஓட ஆரம்பித்து, பலாப்பழம் விற்கிறவரின் குவியலில் போய் நின்றது. அவர் என்னைத் தூக்கிவிட்டு, பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அப்புறம் அந்த வண்டியில் சரசக்கா மிளகு காயப்போட்டார். ஆறு மாதம் கழித்து, வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரிக்க அதே அதிகாரி பூத்துக்கு வந்தார். இந்த ஊரில் மேட்டில் ஏறாது சார் என்றேன். ரொம்ப அக்கறையாக யோசனை சொன்னார்:

"மேடு வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்கம்மா, எல்லாரும் அப்படித்தானே போறாங்க!"

மாவுக்கட்டு

பொன்னுசாமி அண்ணனுக்குக் கொட்டச்சேட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அங்கே களத்தில் காயப்போட்டிருந்த காப்பிக் கொட்டைமேல் காலை வைத்தார். கொட்டை உருண்டது, அவரும் உருண்டார். கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு வீடு வந்தார். முதல் நாள் ஆள்கள் தூக்கிப்போய் விட்டார்கள். அடுத்த நாள் யாரும் இல்லை. அவர் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்புறத்தாலேயே ஏறியதை நான் கண்ணாடி வழியாக முழுசாகப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அந்த வாரமே வெல்டர் வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த பைப் படியோரமாகக் கம்பியாக நின்றது. முகலட்சணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் முதல் தடவையாகப் பயமில்லாமல் ஏறினேன். அன்றைக்கு மத்தியானம் ஒரு செம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்தேன். மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பொன்னுசாமி அண்ணன் நான் ஏறி வருவதைப் பார்த்து, மனசு உருகிக் கேட்டார்:

"ஏனம்மிணி, கம்பியில்லாம மனுசன் ஏறற படியா இது? நீ முன்னயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

ரம்பம்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அவர் கரடியூர் வரைக்கும் நடந்தே போய்வருகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஒருநாள் காலையில் அதே வெல்டர் ரம்பத்தோடு வந்து நின்றார். கால்தான் சரியாகிவிட்டதே, இனி அது எதற்கு என்றார் பொன்னுசாமி அண்ணன். பைப்பைக் கொட்டச்சேட்டுத் தோட்டத்துக் கேட்டுக்குப் போடப் போகிறாராம்.

கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்த அந்தோணியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, நா திரும்ப உழுந்தன்னா எந்திரிக்க மாட்டனுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இத்தன வருசம் ஏறுனவதான கண்ணு நீ" என்று சிரித்துக்கொண்டே என் விரல்களை எடுத்துவிட வந்தார். வெல்டர் கீழ்ப்பக்கம் ரம்பத்தை வைத்துவிட்டார்.

அப்போது ரோட்டுக் குழாயிலிருந்து சரசக்கா வந்தார். இடுப்பில் குடம், மறுகையில் கம்பி. அந்தக் கம்பி வந்ததிலிருந்து அவர் முனகலை நான் கேட்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. குடத்தைப் படியில் இறக்கி வைத்தார். நான் அங்கே வந்த நாளிலிருந்து அதுவரை புருஷனை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனுஷி, நிதானமாகச் சொன்னார்:

"அறுத்துக்கோங்க. நா அடுப்பத் தூக்கிக் கீழ ரோட்டோரமா வெச்சுக்கறனுங்க, சோறு வேணும்னா நீங்க எறங்கி வந்து தின்னுட்டுப் போங்க."

அரசாங்கமும் ஆண்டவரின் ஊழியரும் கோடை விழாவும் சேர்ந்து எனக்குக் கொடுக்க முடியாத அந்தக் கம்பி, ஒரு மனிதரின் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபத்து வந்ததால், நான் பூத்தை மூடும் வரைக்கும் அங்கேயே நின்றது.