குறட்டை விடாதவள்

எங்கள் ஆபீஸுக்குக் கீழே, பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில், எனக்கு இனிப்பு நீர் வியாதி இல்லை என்று இன்று டாக்டரம்மா சொன்னார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இரவில் நாலு தடவை பாத்ரூம், விடிந்தால் தலைவலி. எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டரிடம் கேட்காமலே ஆறு மாதமாகச் சீனியைத் தொடாமல், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர்தான் குடித்தேன்.

"பகல்ல தூக்கம் வருதா?"

"இல்ல டாக்டர். கோபம்தான் வருது."

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரலாம். அதான் அடிக்கடி முழிப்பு வருது."

பயந்துபோனேன். "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்? குறட்டையே விடமாட்டேன்."

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். குறட்டை இல்லன்னு யார் சொன்னா? பக்கத்துல யார் படுக்கறா?"

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட். பதினைந்து வருஷமாக நான் தூங்கும்போது பக்கத்தில் யாருமில்லை. குறட்டை இல்லை என்று சொன்னது நானேதான்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன். அதுவரைக்கும் ஒரு ராத்திரி யாராவது பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும்."

வீட்டுக்காரரிடம் உடனே போனில் சொன்னேன். "லீவு போட்டாச்சு லா, நான் பாத்துக்கறேன்," என்றார். இரவு முழிக்க வேண்டுமே என்று மாலை ஐந்து மணிக்கே படுத்துவிட்டார். அவர் குறட்டை எங்கள் ஊர் பண்டமாரான் முழுக்கக் கேட்கிறது.

நான் மோடத்தைப் போட்டு இணையத்தில் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படுக்கப் பயமாக இருக்கிறது.

உங்களில் எத்தனை பேர் குறட்டை விடுவதில்லை? அதை உங்களுக்குச் சொன்னது யார்?